ஓய்வு நேரம்: ஒரு பழைய கணிப்பொறியும் ஐந்து லினக்ஸ்களும்



2026-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அன்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். "உங்கள் பகுதியில் ஊர்ப் பயணம், குழந்தைகளின் படிப்பு, வீட்டு வரவு செலவு என்றெல்லாம் எழுதுகிறீர்களே, வீட்டில் கிடக்கும் பழைய கணிப்பொறியை என்ன செய்வது என்று ஒரு முறை எழுதக்கூடாதா?" என்று கேட்டார். அவர் வீட்டுக் கணிப்பொறிக்கு நேர்ந்ததே எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் நேர்ந்திருந்தது. ஆகவே அவருக்கு விடையாகவும், நான் செய்த ஒரு பெரும் பிழையைப் பிறர் செய்யாதிருக்கும் பொருட்டும் இதனை எழுதலானேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் சேர்ந்த எழுத்தன் நான். கணிப்பொறிக் கல்வி எதுவும் கற்றவன் அல்லன். என்னால் முடிந்தது எவராலும் முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கணிப்பொறியின் கதை

எங்கள் கணிப்பொறி 2014-இல் செய்யப்பட்டது. ஒருவர் உபயோகித்துக் கைவிட்டதை நான் 2016-இல் வாங்கினேன். இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மகளின் பள்ளிப் பாடம், வீட்டுக் கணக்கு, ஊர்ப் புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு அது போதுமானதாக இருந்து வந்தது. இவற்றினும் முக்கியமான பணி ஒன்றும் அதற்கு உண்டு.

என் தாயார் மானாமதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்கிறார். செவி மந்தப்பட்டு ஆண்டுகள் சில ஆயின. தொலைபேசியில் நாம் சொல்வது பாதி அவருக்குக் கேட்பதில்லை. கேளாததையும் கேட்டதாகச் சொல்லி, "சரி, சரி" என்று வைத்துவிடுவார். என் மகளோ இந்நாகபுரியிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் அவளுக்கு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது. கற்ற எழுத்து மறவாதிருக்க, மாதம் ஒரு கடிதம் அப்பத்தாவுக்கு எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். கையெழுத்தைப் படிக்க அம்மாவின் கண் இடங்கொடாது. ஆதலால் மகள் கணிப்பொறியில் பெரிய எழுத்தில் தட்டி, அச்சிட்டு, உறையில் இட்டுத் தபாலில் சேர்ப்பாள். இவ்வாறு இரண்டு ஆண்டுகளில் 24 கடிதங்கள் போயிருந்தன.

இந்நிலையில்தான் சிக்கல் வந்தது. 2015-இல் வெளியான விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவடைந்தன. வீட்டு உபயோகிப்பாளர் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதற்குப் பின் அதுவும் இல்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம் என்றாலோ, அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் ஆயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். எங்களுடையது நான்காம் தலைமுறை.

திருத்தம் நின்றால் கணிப்பொறி மறுநாளே நின்றுவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டாம். அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது தாழ்ப்பாள் இல்லாத கதவின் பின்னால் பணம் எண்ணுவது போன்றது. புதியது வாங்கக் கடைக்காரர் சொன்ன விலையோ என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். தங்கையின் திருமணக் கடனே இன்னும் தீர்ந்தபாடில்லை. "ஓடுகிற பொருளை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்க நாம் என்ன நிலச்சுவான்தாரா?" என்றாள் என் மனைவி. அலுவலகத்தில் இளைஞர் ஒருவர் லினக்ஸை முயன்று பார்க்கும்படி சொன்னார். அப்படித் தொடங்கியது என் பரீட்சை.

லினக்ஸ் என்பது யாது?

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் தடையின்றி உபயோகிக்கவும், பிரித்துப் பார்த்துக் கற்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள் வேண்டும் என்று குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கர்னலை எழுதி வெளியிட்டார். கர்னல் என்பது இயந்திரத்தின் உறுப்புகளுக்கும் நம் வேலைகளுக்கும் இடையே நின்று ஆணை செலுத்தும் உட்கரு. இவ்விரண்டும் சேர்ந்ததையே பொதுவாக லினக்ஸ் என்கிறோம்.

அப்படியாயின் உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் ஏன்? நம் தொழிலைக் கொண்டே சொல்கிறேன். கர்னல் என்பது எஞ்சின். எல்லா வண்டிகளிலும் பூட்டப்படுவது அதே எஞ்சின்தான். பின்னால் இணைக்கும் பெட்டிகள், அவற்றின் இருக்கைகள், உணவுப் பெட்டி, கால அட்டவணை ஆகியவை வண்டிக்கு வண்டி வேறுபடும். இப்படிக் கோத்து நம் கையில் தரும் முழு வண்டியையே 'வழங்கல்' என்கிறார்கள்.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், தொண்டர்களால் நடத்தப்படுவது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, நன்கு சோதித்த பின்னரே புதிய பதிப்பை விடுகிறது. 2004-இல் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் அந்த டெபியனைக் கொண்டு உபுண்டுவை உருவாக்கினார். அதன் பதிப்பு எண்ணே அதன் கால அட்டவணை: 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டு நான்காம் மாதம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் வரும் பதிப்புக்கு ஐந்தாண்டுத் திருத்தம் உண்டு. 2006-இல் உபுண்டுவிலிருந்து மின்ட் கிளைத்தது. 2003-இல் தொடங்கிய ஃபெடோரா, ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பதிப்பு காண்பது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட ஆயுளே உண்டு. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் வழங்கலை 2007 முதல் வெளியிட்டது. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே கணிப்பொறி கற்கிறார்கள். ஆகவே இது மேதைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறு.

தொடாமல் பார்க்கும் வழி

லினக்ஸில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஹார்டு டிஸ்கைத் தொடாமலே, பென்டிரைவிலிருந்து அதனை ஓட்டிப் பார்க்கலாம். வென்டாய் என்னும் இலவசக் கருவியை ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டால், பல வழங்கல்களின் கோப்புகளை அதிலேயே போட்டு வைத்துக்கொண்டு, வேண்டியதைத் தேர்ந்து துவக்கலாம். கணிப்பொறியைத் திறக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 போன்ற ஒரு விசையை அழுத்தினால் எதிலிருந்து துவக்குவது என்று கேட்கும். அணைத்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினால் பழைய விண்டோஸ் பழையபடியே இருக்கும். ஓட்டம் சற்று மந்தமாக இருக்குமே தவிர ஆபத்து இல்லை.

நான் நான்கு வினாக்களை எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று, வயர்லெஸ் இணைப்புக் கிடைக்கிறதா? இரண்டு, 4 ஜிபி நினைவகத்தில் திணறாமல் ஓடுகிறதா? மூன்று, 'அம்மா' என்று தமிழில் தட்ட முடிகிறதா? நான்கு, தட்டியது தாளில் அச்சாகிறதா?

ஐந்து வண்டிகள்

முதலில் உபுண்டு. அழகிலும் ஒழுங்கிலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் நினைவகத்துக்கு அது பெரிய வீடு. குடியேறலாம், பண்ட பாத்திரம் வைக்க இடம் போதாது. இணைய உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தவுடன் ஹார்டு டிஸ்கின் விளக்கு ஓயாமல் மின்னத் தொடங்கியது. 8 ஜிபி உள்ளவர்கள் இதனைத் தாராளமாக ஏற்கலாம்.

இரண்டாவது ஃபெடோரா. எல்லாவற்றிலும் புதியதை முதலில் காண விரும்புவோர்க்கு ஏற்றது. திறந்த மென்பொருளையே தருவது என்பது அவர்கள் கொள்கை. எங்கள் கணிப்பொறியில் உள்ள வயர்லெஸ் சாதனமோ, அதைச் செய்தவர்கள் மூடி வைத்திருக்கும் மென்பொருள் இன்றி இயங்காத வகை. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்தபோது இணையம் உடனே கிடைத்தது. இவ்வழி எந்த வழங்கலுக்கும் பொருந்தும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டெபியன். பழைய நிலைய அதிகாரி போன்றது. பேச்சுக் குறைவு, நிதானம் அதிகம். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல், சாதனங்களுக்கு வேண்டிய மூடிய நிலைப்பொருள்கள் பலவற்றை நிறுவும் தட்டிலேயே சேர்த்திருக்கிறார்கள். முன்னர் அவற்றைத் தனியே தேட வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பை 32-பிட் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவ இயலாது. மிகப் பழைய கணிப்பொறி வைத்திருப்போர் முதலில் தம்முடையது 64-பிட் செயலிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது லுபுண்டு. உபுண்டுவின் எஞ்சினுக்கு எல்.எக்ஸ்.க்யூ.டி. என்னும் எளிய பெட்டிகளைப் பூட்டியது. ஐந்திலும் நினைவகத்தை மிகக் குறைவாக உண்டது இதுவே. வேகம் வியப்பளித்தது. ஆனால் அமைப்புகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருப்பதால் வீட்டில் மற்றவர்கள் தடுமாறினர்.

ஐந்தாவது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் இலகுவான முகப்பு கொண்டது. இதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தம் உண்டு. கீழே பட்டை, இடக்கோடியில் பட்டியல் என்று விண்டோஸ் பழகியவர் கண்ணுக்கு ஏற்ற அமைப்பு. வயர்லெஸ் சாதனத்துக்கு வேண்டிய மூடிய மென்பொருளை, 'டிரைவர் மேனேஜர்' என்ற இடத்தில் அதுவே கண்டுபிடித்துக் காட்டிற்று. என் மனைவி எவரிடமும் கேளாமல் வீட்டுக் கணக்கைத் திறந்தாள். அந்த ஒன்றே எனக்குப் பெரிய சான்றாகப் பட்டது.

தமிழ்த் தட்டச்சு பற்றி ஒரு முக்கியக் குறிப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட 'தமிழ்99' விசைப்பலகையே எங்கள் மகள் பழகியது. அதில் 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும், இரண்டாவது மகரம் ஆகாரத்தோடு தானே சேரும். லினக்ஸில் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் என்று இருப்பதைச் சேர்த்தால் மட்டும் இச்சௌகரியம் கிட்டாது. அது விசைக்கு ஓர் எழுத்தைத் தருமேயன்றி, முன் எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்க அறியாது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையையும், அதனுடன் 'எம்17என்' என்னும் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தால் எல்லாம் முறையாக வரும். ஐந்து வழங்கல்களிலும் இவ்வழி செல்லும். அச்சிடும் பணியையும் ஐந்திலும் கப்ஸ் என்னும் ஒரே அமைப்பே கவனிக்கிறது. ஆதலின் உங்கள் அச்சுப்பொறி ஒன்றில் இயங்கினால் பெரும்பாலும் மற்றவற்றிலும் இயங்கும்.

நான் செய்த பிழை

இவ்வளவையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்திருக்கலாம். எனக்கோ அது ஒரு பித்தாகிவிட்டது. இதைவிடச் சிறந்தது இன்னொன்று இருக்குமோ என்று மேலும் மேலும் இறக்கிப் பார்த்தேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. கணிப்பொறி எப்போதும் என் வசமே இருந்ததால் மகள் கடிதம் எழுதவில்லை. ஒருநாள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "உங்கள் அம்மா தபால்காரரை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார். பேத்திக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரிக்கச் சொன்னார்" என்றார்.

எனக்கு வெட்கமாயிற்று. அன்றிரவே மின்ட்டை நிரந்தரமாக நிறுவி, காலையில் மகள் கடிதம் எழுதும்படி செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுக' என்ற தேர்வு திரையில் வந்தது. விண்டோஸ் இருப்பது சி டிரைவில். நம் கடிதங்களும் படங்களும் இருப்பது டி டிரைவில். எனவே சி போனால் போகட்டும் என்று எண்ணி, நள்ளிரவு கடந்த வேளையில் சம்மதம் கொடுத்தேன். சி, டி என்பவை இரண்டு டிஸ்குகள் அல்ல. ஒரே தண்டவாளத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, இப்பக்கம் உனக்கு, அப்பக்கம் எனக்கு என்று பிரித்தது போன்றதே அது. தண்டவாளத்தையே பெயர்த்தெடுக்கச் சொன்ன பிறகு கோடு எங்கே நிற்கும்? காலையில் தேடினேன், டி டிரைவ் இல்லை. நகல் எடுத்து வைக்கவும் இல்லை.

உடனே கணிப்பொறியை அணைத்தேன். அழிந்த இடத்தின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதிருந்தால் மீட்பு ஓரளவு சாத்தியம் என்று அந்த அலுவலக இளைஞர் சொன்னார். அவர் துணையோடு, ஃபோட்டோரெக் என்னும் மீட்புக் கருவியைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, கிடைத்ததை வேறொரு டிஸ்கில் சேர்த்தோம். படங்களில் பெரும்பகுதி பெயரும் தேதியும் இழந்து, குவியலாக வந்தன. கடிதங்களில் முழுமையாகக் கிடைத்தவை ஒன்பது. மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை, அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதுதான் எனக்கு மிகவும் உறுத்திற்று.

டிசம்பர் விடுமுறையில் பாஸ் எடுத்து மகளோடு ஊருக்குப் போனேன். நடந்ததை அம்மாவின் காதருகே உரக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். குடும்ப அட்டைக்கும் பட்டாவுக்கும் மேலே, நூல் சுற்றிய ஒரு கட்டு. மகளின் கடிதங்கள் அனைத்தும் தேதி வரிசையில் இருந்தன. மடிப்புகளில் தாள் தேய்ந்திருந்தது. சிலவற்றில் எண்ணெய்க் கறை. எண்ணிப் பார்த்தோம், 23 இருந்தன. ஒன்று தபாலில் வந்து சேரவே இல்லை போலும். மீட்டெடுத்த ஒன்பதிலும் அது இல்லை. அதில் என்ன எழுதினோம் என்று மகளுக்கும் நினைவில்லை.

"இவற்றை எடுத்துச் சென்று நகல் எடுத்து அனுப்பட்டுமா, அம்மா?" என்று கேட்டேன். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டுவிட்டது. "இது எனக்கு வந்த கடுதாசி, தம்பி. வேண்டுமானால் இங்கேயே இருந்து பார்த்து எழுதிக்கொள்" என்றார். திண்ணை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். முடிந்ததும் வாங்கி எண்ணிப் பார்த்து, மீண்டும் நூல் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

முயல விரும்புவோர்க்கு

முதலாவது, எதையும் தொடுமுன் நகல் எடுங்கள்; ஒன்று அல்ல, இரண்டு; அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். எடுத்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணிப்பொறியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டின் அன்றாட வேலைகள் எவையோ அவற்றையே வினாத்தாளாக வையுங்கள். பிறர் புகழ்வது உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

மூன்றாவது, இரண்டு அல்லது மூன்று வழங்கல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுப்பதற்குத் தேதி ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒன்றே ஆதலால், எதில் ஏறினாலும் ஊர் போய்ச் சேரலாம்.

நான்காவது, நிறுவும் வேலையைப் பகலில், தூக்கம் கலைந்த கண்ணோடு செய்யுங்கள். 'டிஸ்க் முழுவதும்' என்ற சொல்லைக் கண்டால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் ஒரு முறை படியுங்கள்.

எங்கள் கணிப்பொறியில் மின்ட் நிலைத்துவிட்டது. நினைவகத்தை மட்டும் 8 ஜிபி ஆக்கினேன். தை மாதத்துக் கடிதம் குறித்த நாளில் போயிற்று. இப்போது ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தாள்களில் அச்சிடுகிறோம். ஒன்று மானாமதுரைத் தபாலுக்கு. மற்றொன்றை நூல் சுற்றி எங்கள் பீரோவில் வைக்கிறாள் மகள்.

பழைய கணிப்பொறியில் லினக்ஸ் முயல விரும்பும் அன்பர்கள் ஞாயிறு வகுப்பு முடியும் வேளையில் சங்கக் கட்டடத்தில் என்னைக் காணலாம். பென்டிரைவ் என்னிடம் உண்டு. நகல் எடுத்துவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.